படிக்கட்டின் அடியில் மூன்று ஜோடி

எங்கள் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு. மாடிக்குப் போக அதுதான் வழி. மாடியில் ஓர் அறை, தகரம் போட்ட சமையலிடம், மொட்டை மாடியின் மறுகோடியில் குளியலறை. கீழே நானும் என் மனைவியும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் யாரும் மாடியைச் சும்மா விடுவதில்லை, நாங்களும் விடவில்லை. அந்தப் படிக்கட்டின் அடியில் கிடந்த செருப்புகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அவற்றை நான் எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

எண்ணுவது எனக்கு வேலையாக இருந்தது. வார்ப்பிரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றேன். பெட்டிக்கு எத்தனை, அதில் தேறாதது எத்தனை. வேலை போய்ப் பல வருடமாகிவிட்டது, பழக்கம் போகவில்லை. ரயில்வே கேட்டில் நின்றால் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன். மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை, முருங்கை மரத்தில் காய் எத்தனை, இந்த வாரம் மின்சாரம் எத்தனை தடவை போனது. எண்ணி என்ன செய்கிறேன் என்று கேட்டால் பதில் கிடையாது. எண்ணாமல் விட்டால் ஏதோ ஒன்று கைமீறிப் போய்விடும் என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

"கோயில்ல மணி அடிச்சா கன்னத்துல போட்டுக்கணும். எத்தினி அடின்னு எண்ணிக்கினு நிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள் என் மனைவி.

பொங்கல் கழிந்து மாடிக்கு மூன்று ஆண்கள் குடி வந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம் அவர்களுக்கு. ஏரியில் மீன்பாடு குறைந்துபோய், இங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று பேரும் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒரு அண்ணன், ஒரு தம்பி, அண்ணனின் மச்சான். சில மாதம் கழித்து அண்ணன் தன் மனைவியையும் அழைத்து வந்தான். அவளுக்கு ஐந்தாவது மாதம். அழைத்து வருவதற்கு முன்பு என்னிடம் வந்து அனுமதி கேட்டான். காரணமும் சொன்னான்.

"போன தபா ஊர்லயே வலி எடுத்துக்கிச்சு சார். மழ. ரோட்டு மேல தண்ணி நிக்குது. வண்டிக்காரன் வர மாட்டேன்ட்டான். ஆஸ்பத்திரிக்குப் போயி சேர்றதுக்குள்ள..." கையால் ரோட்டுப் பக்கம் காட்டி, "இங்கருந்து ஆட்டோல குந்துனா ஆஸ்பத்திரி. அதுக்கோசரந்தான் சார்" என்றான்.

நான் சரி என்றேன். மூன்று ஆண், ஒரு பெண், நாலு பேருக்கு மேல் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது. எங்கள் ஆழ்துளைக் கிணறு அவ்வளவுதான் தாங்கும். அவன் தலையாட்டினான்.

வெயில் ஏறியது. மாடித் தொட்டி நண்பகலுக்குள் காலியாக ஆரம்பித்தது. முன்பெல்லாம் காலையில் ஒரு தடவை மோட்டார் போட்டால் மறுநாள் காலைவரை வரும். இப்போது இரண்டு, பிறகு மூன்று. குழாய் காற்றை உமிழ ஆரம்பித்தது. நாலு பேர் இவ்வளவு தண்ணீர் செலவழிக்க முடியாது. அப்படியென்றால் அவர்கள் நாலு பேர் இல்லை.

அப்போதுதான் செருப்புகளைக் கவனித்தேன். பகலில் எப்போது பார்த்தாலும் படிக்கட்டின் அடியில் மூன்று ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. ஒன்று நீல வார் ரப்பர் செருப்பு, ஒன்று கறுப்பு, மூன்றாவது குதிகால் தேய்ந்து சாய்ந்துபோனது. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்பதை நம் வீடுகளில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருவில் போகும்போதே செருப்பைப் பார்த்து யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் துக்கம் என்று சொல்லிவிடலாம். ஆக, பகலில் மூன்று ஆண்கள் மேலே தூங்குகிறார்கள். இரவு வேலைக்காரர்கள்.

ஆனால் இரவில் செருப்பு கிடப்பதில்லை. அந்த மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்படியிருந்தும் மேலே நடமாட்டம் கேட்டது. குளிக்கும் சத்தம், இருமல், சிரிப்பு. அது யார்? வேறு மூன்று பேர். பகல் வேலைக்காரர்கள்.

இது இந்தப் பக்கத்தில் நடக்காத விஷயம் இல்லை. ஒரு கூட்டம் வேலைக்குப் போக, இன்னொரு கூட்டம் அதே பாயில் வந்து படுக்கும். பாய் ஆறவே ஆறாது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஒரே அறையில் பதினொரு பேரைப் பிடித்தார்கள். ஆக, மேலே ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும். தொட்டிக் கணக்குக்கும் அது பொருந்தியது. இதை ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்தேன். உண்மையைச் சொன்னால், மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு மூளைக்கு அப்படி ஒரு வேலை வந்ததே இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேல மூணு ஆம்பளைங்கதான்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"எண்ணினியா?"

"மனுசாள எதுக்கு எண்ணணும்? ஆடா, மாடா?"

தெரியும் என்பது ஓர் அளவு இல்லை. அவளுக்கு அந்தப் பெண் மேல் பிரியம், அதனால் மறைக்கிறாள் என்று முடிவு செய்தேன். இரண்டாவது கூட்டத்தின் செருப்பு ஏன் இரவில் கீழே இல்லை என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது. பதிலும் உடனே வந்தது: மறைப்பதற்காக மேலே எடுத்துப் போகிறார்கள். மாலையில் சந்தில் வரும் ஆட்களின் முகம் பழகியதாகத் தெரிகிறதே என்று இன்னொரு நாள் தோன்றியது. எல்லோருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை, ஒரே தொப்பி, எனக்குக் கண்ணில் புரை; முகம் பழகியதாகத்தான் தெரியும் என்று அதையும் ஒதுக்கினேன். மணவாள நகரில் இருக்கும் என் மகளிடம் போனில் சொன்னபோது, "ஒரு கேமரா வெச்சிடுப்பா, தெரிஞ்சிடும்" என்றாள். எனக்குத்தான் தெரிந்துவிட்டதே, கேமரா எதற்கு?

ஒரு மாலை அண்ணன்காரனைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னேன்.

"இன்னா சார் ஆச்சு?" என்றான். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

"பேசினபடி இல்ல. ஆள் ஜாஸ்தி."

"ஆளா? நாங்க மூணு பேரு, அது ஒண்ணு. வேற யாரு கீறாங்க சார்?"

"அது உனக்கே தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குரலை இறக்கி, "கொயந்த பொறக்கறவரைக்கும் உடுங்க சார். இப்போ போய் வேற எங்க சார் தேடுவேன்? வயித்துப் புள்ளக்காரின்னாலே ஊடு குடுக்க மாட்டேன்றாங்க. திரும்பக் குப்பத்துக்குத்தான் இட்டுக்கினு போவணும்" என்றான்.

எனக்கு அது உறைக்காமல் இல்லை. ஆனால் பொய் சொல்கிறவன் இப்படித்தான் உருக்கமாகப் பேசுவான் என்ற எண்ணம் அதைவிடப் பலமாக இருந்தது. நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் படியேறிப் போனான்.

நானே நேரில் பார்த்துவிடுவது என்று ஒரு நாள் தீர்மானித்தேன். பகல் உச்சி. படியடியில் மூன்று ஜோடியும் கிடந்தன. தூங்குகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று, கைப்பிடி சுட, முட்டி வலிக்க, மேலே ஏறினேன்.

அறைக் கதவு திறந்திருந்தது. பாய்கள் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தன. அந்தப் பெண் மட்டும் தகரத்தின் கீழே காலை நீட்டி உட்கார்ந்து கருவாட்டில் மண் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள்.

"உக்காரும்மா. அவங்க எங்க?"

"டூட்டிக்குப் போயிகீறாங்க தாத்தா."

"மூணு பேருமா?"

"மூணு பேருந்தான்."

நான் குளியலறைப் பக்கம் பார்த்தேன். கதவு திறந்தே கிடந்தது. கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தேன். பின் வீட்டு மாடிக்குத் தாவிவிட்டார்களோ என்று. "செருப்பு கீழ இருக்குதே" என்றேன்.

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். "ஆமா தாத்தா. செருப்பு கீயே கீதுன்னா, ஆளு இல்லன்னுதானே?"

"செருப்பு இருந்தா ஆள் இருக்கணும்."

"அது எப்டி?" என்று சிரித்தாள். பிறகு, எனக்கு விளக்க வேண்டியிருக்கிறது என்று புரிந்து, கருவாட்டை முறத்தில் வைத்தாள். "எங்க ஊர்ல போட்டுல ஏறுறவங்க செருப்பக் கரைலயே உட்டுட்டுப் போவாங்க. போட்டுல செருப்போட ஏறக் கூடாது. சாயங்காலம் எங்கம்மா கரைக்கு வந்து பாக்கும். செருப்பு கீதுன்னா ஆளு தண்ணில கீது. செருப்பு இல்லன்னா வந்து எடுத்துக்கினு பூட்டாங்க. எல்லாரும் எடுத்துக்கினு பூட்டு, ஒரு ஜோடி மட்டும் கெடந்துச்சுன்னா அவ்ளோதான், அந்த ஊட்டுப் பொம்பளைங்க அங்கியே குந்திடுவாங்க."

நான் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே படியடியைப் பார்த்தேன்.

"நீங்ககூட டெய்லி சாயங்காலம் செருப்பப் பாத்துக்கினு நிப்பீங்க இல்ல? நான் மேலருந்து பாப்பேன். எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்வேன், நம்ம ஊரு பெருசுங்க மாதிரியே தாத்தாவும் நீங்க வந்துட்டீங்களான்னு பாக்குறாரு, எத்தினி பேருக்கு இந்த மனசு வரும்னு." அவள் நிறுத்தினாள். முகத்தில் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. "ஆள எண்ணவா தாத்தா நின்னீங்க?"

அவள் முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அன்றோடு என் எண்ணம் மாறியிருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். மாறவில்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகக் காரணங்கள் வர ஆரம்பித்தன. நான் ஏறும் சத்தம் கேட்டிருக்கும், அது இரும்புப் படி. தவிரவும், ஏரிக்கரை வழக்கம் ஏரிக்கரையில். இங்கே படகு எங்கே இருக்கிறது? தொழிற்சாலைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடா போவார்கள்? நல்ல கதைசொல்லி அவள். கடைசியாகச் சொன்னதுகூட, நான் வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டும் என்று சொன்னதாக இருக்கலாம்.

இதெல்லாம் எனக்குப் புதிதும் இல்லை. வேலையில் இருந்தபோது ஒரு முறை நாங்கள் அனுப்பிய பெட்டிகள் முழுவதும் திரும்பி வந்தன. துளை பெரிதாக இருக்கிறது என்றார்கள் வாங்கிய கம்பெனிக்காரர்கள். எங்கள் சூப்பர்வைசர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அவன் ஏசி ரூம்ல வெச்சு அளக்குறான், நாம வெயில்ல அளக்குறோம். இரும்பு விரியாதா?" என்றார். அருமையான காரணம். எல்லோருக்கும் நிம்மதி. ஏசி அறையில் வைத்தால் துளை சின்னதாகத் தெரிய வேண்டுமே தவிரப் பெரிதாக அல்ல என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகுதான் துளையை அளக்கும் எங்கள் கேஜே தேய்ந்துபோயிருந்தது தெரிந்தது. அதற்கும் உடனே ஒரு காரணம் வந்தது: பையன்கள் கீழே போட்டிருப்பார்கள். நினைத்தது நடக்காதபோது மனிதனுக்கு வருவது சந்தேகம் இல்லை, கதை. அதுவும் கேட்காமலே வருகிறது, சரியான அளவில் வருகிறது. இது தெரிந்த நானே நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கதை செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் என் கதையை உடைத்தது பெரிய சாட்சியம் ஒன்றும் இல்லை. ஒரு விடியற்காலை எனக்குத் தூக்கம் பிடிக்காமல் சந்துப் பக்கம் போனேன். தம்பிக்காரன் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து கனமான கம்பெனி ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். முன்னால் இரும்பு வைத்த ஷூ. பக்கத்தில் அப்போதுதான் கழற்றிய நீல வார்ச் செருப்பு. மற்ற இரண்டு ஜோடியும் ஏற்கெனவே கிடந்தன. அண்ணனும் மச்சானும் தெருமுனையில் வேனுக்கு நிற்பது தெரிந்தது.

"ஏம்பா, ஷூவ மேலயே போட்டுக்கிட்டு வரலாமே?"

"இத்த போட்டுக்கினு எறங்குனா டங்கு டங்குன்னு ஊரே எயிந்துக்கும் தாத்தா. ஆயா பாவம், அசந்து தூங்குற நேரம்" என்றான். "வந்த புதுசுல ஒரு நாளு அண்ணன் அப்டித்தான் எறங்கிச்சு. ஆயா அலறிக்கினு எயிந்து, இடிஞ்சி வியுதான்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து செருப்புலதான் எறங்குறது, ஏறுறது."

சாயங்காலம் வந்தால் இதே படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டு மேலே போய்விடுவார்கள். மொட்டை மாடித் தரை சுடும், குளியலறை மறுகோடியில். செருப்பு மேலே வேண்டும். ஆக இரவில் செருப்பு கீழே இல்லை, ஆள் மேலே. பகலில் செருப்பு கீழே, ஆள் வெளியே. என் மனைவியின் தூக்கத்துக்காகக் கழற்றி வைத்த செருப்பை வைத்து மூன்று ஆட்களை நான் உண்டாக்கியிருந்தேன்.

வேன் வந்தது. அவன் ஓடினான். நான் அங்கேயே நின்றேன். வெட்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, அலுப்பு. தப்பாகப் பொருத்திய ஒன்றைப் பிரித்து மறுபடி பொருத்த வேண்டிய அலுப்பு.

ஆனாலும் தண்ணீர் போய்க்கொண்டுதானே இருந்தது? அதைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேர்தான், சரி, ஆனால் ஆளுக்கு இரண்டு பேர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குழாய்க்காரரை வரச் சொன்னேன், தொட்டிக்கு ஓர் அளவுமானி வைக்க முடியுமா என்று கேட்பதற்காக. அவர் சுவரோடு இறங்கும் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தார். முருங்கை மரத்துக்குப் பின்னால் மண்ணோடு சேரும் இடத்தில் குழாய் மடங்கும் மூட்டு விரிசல் விட்டிருந்தது. "கீய தோட்டத்துக்கே லைன் குடுத்து வெச்சிக்கீறீங்க பெரியவரே" என்றார்.

அந்த வருடம் முருங்கை அப்படிக் காய்த்ததற்கு என் மனைவி அரிசி கழுவிய தண்ணீரைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதே யோசனையைச் சொல்லியும் இருந்தாள். குழாயைச் சரி செய்த பிறகு மரம் இலை உதிர்த்தது. "நல்லா காய்ச்ச மரம், எவ கண்ணோ பட்டுடுச்சு" என்றாள். நான் குழாயைச் சொன்னேன். "குழாத் தண்ணில எங்கியாவது முருங்க காய்க்குமா? நீங்க ஒண்ணு" என்று அரிசித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். அவளைத் திருத்தும் தகுதி எனக்கு அப்போது இல்லை.

அன்று மாலையே அண்ணன்காரனிடம் காலி செய்ய வேண்டாம் என்று சொன்னேன். படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு ஷூவோடு நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் சார்?"

"தண்ணி போனதுக்குக் காரணம் வேற. குழாய்ல ஓட்டை. நான் செருப்பப் பாத்துட்டு ஆள் ஜாஸ்தின்னு நினைச்சுட்டேன்."

"செருப்பப் பாத்தா?"

விளக்கினேன். பகல் மூன்று, இரவு மூன்று, பாய். சொல்லச் சொல்ல அது எனக்கே ஒரு கிறுக்கனின் பேச்சு மாதிரிதான் கேட்டது. அவன் முழுதாகக் கேட்டுவிட்டு, "சரி சார்" என்றான். நம்பவில்லை என்று தெரிந்தது. படித்த ஒரு மனிதன் செருப்பைப் பார்த்துக் கர்ப்பிணியைக் காலி செய்யச் சொன்னான் என்பதை யார் நம்புவார்கள்?

அவன் மேலே போய்ச் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "வாடக ஏத்தப் போறாரு. அதுக்குத்தான் மொதல்ல பயம் காட்டுறது."

"செருப்புன்னு என்கிட்டயும் கேட்டாரே" என்றது அவள் குரல்.

"நீ சும்மா இரு. நம்ம ஊரு மீன் வாசன அவுங்களுக்கு ஆவல. ஊரெல்லாம் கேட்டுப் பாத்துகீறாரு, வேற ஆளு கெடைக்கல. அதான் இருன்றாரு."

வாடகையை நான் ஏற்றவில்லை. ஒரு மாதம் போயிற்று. அப்போதும் அவன் நம்பவில்லை. பிரசவம் ஆனதும் ஏற்றுவார் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததாக என் மனைவி மூலம் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய காரணங்கள் என்னுடையவற்றைவிட மோசமாகவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நாள் நெருங்கியது. என் மனைவி அவளை மாலையில் சந்திலேயே நடக்கவிட்டாள். நான் செருப்பை எண்ணுவதை விடவில்லை. தெரிந்த பிறகும், பகலில் மூன்று ஜோடியைப் பார்த்ததும் முதலில் வருவது "ஆம்பிளைகள் இருக்கிறார்கள்" என்பதுதான். அதன் பின்னால், தாமதமாக வரும் ரயில் மாதிரி, "இல்லை, வெளியே போயிருக்கிறார்கள்" என்று வரும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எழுபது வருடம் செருப்பு சொன்னதை ஒரு விடியற்காலை எப்படி அழிக்கும்?

அன்று மத்தியானம் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பேப்பரோடு வாசல் நாற்காலியில் இருந்தேன். மேலே ஒரு பாத்திரம் விழுந்தது. தரையில் உருண்டு, சுற்றி, அடங்கியது. யாரும் அதை எடுத்த சத்தம் கேட்கவில்லை. நான் சந்தை எட்டிப் பார்த்தேன். படியடியில் மூன்று ஜோடி. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மறுபடி பேப்பரைப் பிரித்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எதையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணவில்லை. பாதிச் செய்தியில் கண் நின்றது. செருப்பு இருக்கிறது. இருந்தால் ஆள் இல்லை. மேலே அவள் தனியாக இருக்கிறாள்.

எப்படி ஏறினேன் என்று என் முட்டிகளைத்தான் கேட்க வேண்டும். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக உட்கார்ந்திருந்தாள். தரை நனைந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு கைப்பிடிச் சுவர் ஓரம் கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டிருக்கலாமேம்மா!"

"கூப்ட்டேன் தாத்தா. கொரலு வரல."

மேலிருந்தே எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் நல்ல வேளையாகச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேருமாக அவளை ஒவ்வொரு படியாக இறக்கினோம். இரும்பு கொதித்ததால் அவளுக்கு நான்தான் செருப்பை மாட்டிவிட்டேன். பாதம் வீங்கி, வார் லேசில் ஏறவில்லை. கீழே வந்து, சந்துக்குள் திருப்பி நிறுத்திய ஆட்டோவில் கால் வைக்கும்போது, அந்த வலியிலும், அவள் செருப்பைக் கழற்றிப் படியோரமாக விட்டுவிட்டு ஏறினாள்.

"போட்டுக்கோம்மா" என்றேன்.

அவள் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டு போனார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். எதிரில் சுவரில் ஓடுகள் இருந்தன, எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, வெகுநேரம் கழித்து அண்ணன்காரனும் தம்பியும் கம்பெனிச் சட்டையோடு, அந்தக் கனத்த ஷூக்களோடு ஓடி வந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை என்றும், இரண்டு பேரும் நலம் என்றும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வீட்டிலேயே ஆகியிருக்கும் என்றும் சொன்னாள். அண்ணன்காரன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது அவர்கள் இரண்டு பேரும் தூணுக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"பெருசு எப்டிண்ணா இவ்ளோ சுருக்கா இட்டாந்துச்சு?" என்றான் தம்பி.

"ஊட்ல பொறந்துட்டா தீட்டுன்னு பயந்துகீது. அதான் ஓடியாந்துகீது" என்றான் அண்ணன். குரலில் கசப்பு இல்லை, அன்பாகத்தான் சொன்னான். "எதுவா இருந்தா இன்னா, நல்லா இருக்கட்டும்."

தூணைச் சுற்றி வந்து, அது இல்லையப்பா, செருப்பைப் பார்த்தேன், செருப்பு இருந்தது, அதனால் நீங்கள் இல்லை என்று தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது. போன முறை அதே செருப்பைச் சொன்னபோது என்ன ஆயிற்று என்று பார்த்தவன் நான். பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ரேஷன் பையைக்கூட உள்ளே வைக்காமல் மனைவி சந்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டில் விஷயம் சொல்லியிருந்தார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டாள், சொன்னேன். பக்கத்துத் தெருவில் பால் ஊற்றுகிறவர் அந்த வழியாகப் போனவர் படியடியைப் பார்த்து, "மேல எல்லாரும் கீறாங்க போல, பால் ஊத்திடவா?" என்று கேட்டார்.

"யாருமே இல்லை" என்றேன்.

அவர் செருப்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கும் ஒரு காரணம் வழியில் கிடைத்திருக்கும்.

இருட்டத் தொடங்கியபோது மூன்று ஆண்களும் வந்தார்கள். மச்சானை வழியில் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தார்கள். சாமான் எடுத்துக்கொண்டு திரும்பப் போக வேண்டும். வழக்கம்போலக் கடைசிப் படியில் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்கள். என் மனைவி விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், அன்றைக்கு ஷூவோடே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே போனார்கள்.

படியடியில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. வார் விரிந்து, வீங்கின பாதத்தின் அச்சு அதில் பதிந்திருந்தது. குனிந்து எடுத்து மேலே கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் கிடந்தது, அதற்கு மறுநாளும். சந்தைக் கூட்டும்போது என் மனைவி அதைச் சுற்றிக் கூட்டினாள். குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கியவள் முதலில் காலை அதற்குள்தான் விட்டாள்.